கொல்லையில் நிற்பது வில்வமா, விளாவா?

கேள்வி – ஆகஸ்ட் 26, 2024

சிவகங்கைப் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம் அக்கா. கொல்லையில் ஒரு பெரிய மரம். கிளையெல்லாம் முள். கிரிக்கெட் பந்து அளவில் சாம்பல் பூத்த காய், கல்லு மாதிரி கெட்டி. வீட்டுக்காரம்மா வில்வம் என்கிறார். எதிர்வீட்டுத் தாத்தா விளா என்கிறார். போனில் படம் எடுத்துத் தேடினால் ‘வுட் ஆப்பிள்’ என்று வருகிறது. அதற்குத் தமிழ்ப்பெயர் பார்த்தால் ஓரிடத்தில் வில்வம், இன்னோரிடத்தில் விளாம்பழம். பிரதோஷத்துக்கு இலை பறிக்கலாமா, சதுர்த்திக்குப் பழம் எடுக்கலாமா? யாரை நம்புவது?

ஆகஸ்ட் 26, இரவு

காயை விடுங்கள். முதலில் இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று இலை என்றால் வில்வம். ஐந்தோ ஏழோ என்றால் விளா. இவ்வளவுதான். இலை தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தாத்தாவைச் சும்மா ஒதுக்கிவிடாதீர்கள். விளாம்பழம் பொறுக்கி வளர்ந்த தலைமுறை அது.

ஆகஸ்ட் 27, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதைத் திருத்த வேண்டும். ஒரு அண்ணன் சுட்டிக்காட்டியிருக்கிறார்: விளா மரத்திலும் சில காம்பில் மூன்று இலை மட்டும் இருக்கும். உண்மைதான். காலையில் எழுந்ததும் எங்கள் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே கிளையில் ஏழு, ஐந்து, ஐந்து, மூன்று என்று கலந்து இருக்கிறது. வில்வத்திலும் அபூர்வமாக ஐந்திலைக் காம்பு வரும். அதை விசேஷம் என்று தேடிப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

காம்பைப் பாருங்கள். வில்வத்தில் பக்கத்து இலை இரண்டும் எதிரெதிரே ஒட்டி நிற்கும். நடு இலை மட்டும் தனக்கென்று ஒரு நீளக் காம்பு வைத்துக்கொண்டு முன்னால் தள்ளி நிற்கும். திரிசூலத்தின் நடுமுனை மாதிரி. விளாவில் அப்படி இல்லை. சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக நடு நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், தனிக்காம்பு இருக்கிறதென்றே சொல்ல முடியாது. அந்த நடு நரம்பின் இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பச்சை விளிம்பு ஓடும். வெளிச்சத்தில் பிடித்தால் நன்றாகத் தெரியும்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. விளா இலை சின்னது, ஒவ்வொன்றும் ஒரு அங்குலம், கூடிப்போனால் ஒன்றரை அங்குலம், நுனி மழுங்கியிருக்கும். வில்வ இலை அதைவிடப் பெரிது, நுனி கூர்ந்து இறங்கும்.

அப்புறம் கசக்கி முகர்ந்து பாருங்கள். விளா இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும். எனக்கு எழுபதுகளில் எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லை இந்த வாசத்தில்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகஸ்ட் 27, மதியம்

முள்ளை வைத்துப் பிரிக்க முடியாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டிலும் நேரான முள்தான். வில்வத்தில் சில இடத்தில் ஜோடியாக வரும், விளாவில் ஒற்றை. ஏணி வைத்து ஏறிப் பார்க்கிற அளவுக்கு இது உதவாது.

புழுவை வைத்தும் பிரிக்க முடியாது. எலுமிச்சைச் செடியில் முட்டை வைக்கிற அதே வண்ணத்துப்பூச்சி வில்வத்திலும் விளாவிலும் கறிவேப்பிலையிலும் வைக்கும். பறவை எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அது அதன் குட்டிப் புழு. எல்லாம் எலுமிச்சைக் குடும்பம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 28

காயைப் பற்றி.

“சாம்பல் பூத்த” என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே எனக்கு விளா என்றுதான் தோன்றியது, ஆனால் படம் வராமல் சொல்லக்கூடாது என்று இருந்தேன். விளாங்காய் ஓடு வெளுத்த சாம்பல் நிறம், தடவினால் சொரசொரக்கும். வில்வக்காய் ஓடு வழுவழுவென்று பச்சையாக இருக்கும், பழுக்கும்போது மஞ்சளாகும். வில்வம் பிஞ்சிலிருந்து பழுக்கப் பத்துப் பதினோரு மாதம் எடுக்கும், கோடையில்தான் பழம். ஆவணியில் மரத்தில் நிற்கிற வில்வக்காய் பச்சையாகத்தான் இருக்கும்.

உடைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. விளாம்பழத்துக்குள் பழுப்பு நிறச் சதை, புளிக்கரைசல் கெட்டியான மாதிரி, அதில் சின்னச் சின்ன வெள்ளை விதை நூற்றுக்கணக்கில். வாசம் தெருமுனை வரைக்கும் வரும், சிலருக்கு அது பிடிக்காது. வில்வப்பழத்துக்குள் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த சதை. குறுக்கே வெட்டினால் ஆரஞ்சுப் பழம் மாதிரி அறை அறையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு அறையிலும் விதையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பசை. விதைமேல் பஞ்சு மாதிரி மயிர். அந்தப் பசை விரலில் பட்டால் சாதாரணத்தில் போகாது, பிள்ளைகள் கிழிந்த நோட்டை ஒட்டுகிற பசை அது.

வில்வம் பெரிது, விளா சிறிது என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். வடக்கே தோட்டத்தில் வளர்க்கிற வில்வப்பழம் தேங்காய் அளவு வரும். ஆனால் நம் காட்டு வில்வம் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக நின்றுவிடுவதும் உண்டு.

ஆகஸ்ட் 28, இரவு

பழுத்துவிட்டதா என்று பார்க்கிற முறையைச் சொல்ல மறந்துவிட்டேன். விளாவை ஒரு அடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுங்கள். துள்ளினால் காய். துள்ளாமல் பொத்தென்று உட்கார்ந்தால் பழம். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே சதை ஓட்டை விட்டுப் பிரிந்து ஆடுகிற சத்தமும் கேட்கும். ஆச்சி காலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

காயாகப் பறித்துவிட்டால் வெயிலில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள்.

ஆகஸ்ட் 30

‘வுட் ஆப்பிள்’ குழப்பத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் உண்டு. தமிழில் விளா, வில்வம் என்று இரண்டு பெயர். இந்தியில் கைத், பேல். வங்காளத்தில் கத்பேல், பேல். சிங்களத்தில் திவுல், பெலி. தாய்லாந்தில் மக்வித், மதூம். ஜாவாவில் கவிஸ்தா, மஜா. இந்த மரம் வளர்கிற ஊரெல்லாம் இரண்டையும் இரண்டு பெயரில்தான் கூப்பிடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஓடு கட்டையாக இருக்கிற எல்லாவற்றுக்கும் ‘வுட் ஆப்பிள்’. அதைத் திரும்பத் தமிழாக்குகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை, அகராதியைப் பார்க்கிறார்கள். வில்வப்பொடி டப்பாவில் விளாம்பழப் படம் போட்டு ஒரு கடையில் விற்றார்கள். எதைப் பொடித்தார்களோ என்று நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

என் அண்ணன் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். வயிற்றுக்கு வில்வம் நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று இலங்கைக் கடையில் ‘வுட் ஆப்பிள்’ போத்தல் வாங்கி இரண்டு வாரம் தின்றிருக்கிறாள். நன்றாக இருக்கிறது அத்தை என்று போனில் சொன்னாள். நன்றாகத்தான் இருக்கும், அது விளாம்பழ ஜாம். இலங்கையில் விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கரைத்துக் குடிப்பார்கள், ஜாமும் அவர்கள் அளவுக்கு வேறு யாரும் போடுவதில்லை. ஆனால் அவள் தேடிப் போனது வில்வம்.

இன்னொரு ஆங்கிலப் பெயர் ‘எலிஃபண்ட் ஆப்பிள்’. யானை விரும்பித் தின்னும் என்பதால் விளாவுக்கு அப்படி ஒரு பெயர். அதே பெயர் அசாமில் மீன்குழம்பில் போடுகிற ஓ டெங்காவுக்கும் உண்டு. அது வேறு குடும்பம், முட்டைக்கோஸ் மாதிரி இதழ் இதழாக மூடிய பச்சைக் காய்.

ஆகஸ்ட் 30, சற்றுப் பின்

“யானை உண்ட விளங்கனி” பற்றிக் கேட்டவருக்கு: ஓடு அப்படியே இருக்க உள்ளே ஒன்றுமில்லாமல் போவதற்குச் சொல்கிற பழமொழி. யானை முழுசாக விழுங்கி ஓட்டை முழுசாக வெளியே போடும் என்று ஒரு விளக்கம். அங்கே யானை என்பது விளாவுக்கு வருகிற நோயின் பெயர் என்று இன்னொரு விளக்கம். எங்கள் ஆச்சி இரண்டாவதைத்தான் சொல்லுவாள். மரத்திலேயே சில பழம் தொட்டால் காற்றாக இருக்கும், அதைக் காட்டி “யானை தின்னுட்டுப் போயிருச்சு” என்பாள். சின்ன வயதில் இரவில் யானை வந்து போகிறது என்றே நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 1

மகாவில்வம் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. இதை எழுதாமல் விட முடியாது.

2007இல் அப்பா ஒரு நாற்றங்காலில் மகாவில்வம் என்று பலகை வைத்திருந்த கன்றை வாங்கி வந்தார். மூன்றிலை வில்வம் எல்லாரிடமும் இருக்கிறது, இது ஐந்தும் ஏழுமாக இலை விடும், சிவனுக்கு ரொம்ப உகந்தது என்று நாற்றங்காலில் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற புதிது அவருக்கு. கிணற்றடியில் குழி எடுத்து, செம்மண் கொட்டி, ஆடு கடிக்காமல் இருக்கக் கருவேல முள் அடைத்து வளர்த்தார். இரண்டாம் வருஷத்திலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு போய் இலை பறித்து வந்து பூஜையில் வைப்பார். ஒரு நாள் தவறியதில்லை. ஊரில் யார் வந்தாலும் கூட்டிப் போய், “மகாவில்வம்” என்று காட்டுவார்.

2016இல் தாவரவியல் படித்த ஒரு உறவுக்காரப் பையன் வந்தான். இலையைக் கிள்ளி முகர்ந்தான். “பெரியப்பா, இது விளா” என்றான்.

மகாவில்வம் என்று நம் பக்கம் சொல்லுகிற மரம் ஒன்று உண்டுதான். வறண்ட மலையடிக் காடுகளில் வளரும், நாய்விளா என்றும் பெயர். அதற்கும் ஐந்து, ஏழு என்று இலை. விளாவைப் போலவே ஜோடி ஜோடியாக. ஆனால் நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஓடுகிற விளிம்பு அகலமாக, ஒவ்வொரு கணுவிலும் இடுப்பு பிடித்த மாதிரி ஒடுங்கி ஒடுங்கிப் போகும். இலையின் ஓரம் சின்னச் சின்ன அலையாக வெட்டுப்பட்டிருக்கும். காய் சுண்டைக்காய் அளவுதான், முற்றினால் கறுக்கும். எங்கள் கன்றில் இலையோரம் மழமழவென்று இருந்தது. ஒன்பது வருஷம் அந்த இலையைத் தொட்ட எங்களில் யாருக்கும் ஓரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை கூடையை எடுத்துக்கொண்டு கோயில் நந்தவனத்துக்குப் போய் வில்வம் பறித்து வந்தார். அதற்கப்புறம் இந்த மரத்திலிருந்து இலை எடுத்ததில்லை. ஆனால் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

2019இல் அவர் போனார். 2022இல் மரம் முதல் தடவையாகக் காய்த்தது. மூன்று காய்.

விளா விதையிலிருந்து வளர்ந்தால் காய்க்கக் குறைந்தது பதினைந்து வருஷம் ஆகும். வில்வம் ஆறு ஏழு வருஷத்தில் காய்த்துவிடும். அவர் வாங்கியது வில்வமாக இருந்திருந்தால் அவரே பழம் பார்த்திருப்பார். தப்பான பலகைக்கு விலை, கன்றுக்குக் கொடுத்த அறுபது ரூபாய் மட்டும் இல்லை. கன்று விற்கிறவர்கள் தயவுசெய்து இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 2

நேற்று எழுதியதற்கு ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் வணக்கம். “சிவன் இலையை எண்ணமாட்டார்” என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அப்பாவிடம் நானும் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது வேறு, பூஜை வேறு. எனக்கு முதலாவதைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

செப்டம்பர் 3

இந்தக் குழப்பம் நாற்றங்காலில் தொடங்கியதில்லை என்று இன்றைக்குப் படித்ததில் தெரிந்தது. லின்னேயஸ் 1753இல் வில்வத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது அதை ‘கிராட்டீவா’ பேரினத்தில் சேர்த்தார். கிராட்டீவா எது தெரியுமா? நம் மாவிலங்கம். அதற்கும் மூன்றிலை, உருண்டைக் காய். 1800இல் கொர்ரேயா என்பவர்தான் அதை அங்கிருந்து பிரித்து ‘ஏகிளே’ என்று தனிப் பேரினம் ஆக்கினார்.

இன்றும் மாவிலங்கத்தைப் பார்த்து வில்வம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். முள் இருக்கிறதா பாருங்கள். மாவிலங்கத்தில் முள் கிடையாது, இலையைக் கசக்கினால் எலுமிச்சைக் குடும்பத்து மணமும் வராது. பூத்திருந்தால் நீள நீள மகரந்தத் தண்டுகள் மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

விளாவுக்கு இப்போது ‘லிமோனியா அசிடிசிமா’ என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் இதே பெயரைப் பழைய புத்தகங்கள் பலவற்றில் மேலே சொன்ன மகாவில்வத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஆக அறிவியல் பெயர் பார்த்து வாங்கியிருந்தாலும் அப்பாவுக்கு இதே மரம் கிடைத்திருக்கலாம். பர்மாவில் பெண்கள் முகத்தில் பூசுகிற தனகா இருக்கிறதே, அந்தக் கட்டை இந்த இரண்டு மரத்திலிருந்தும் எடுப்பது. அங்கேயும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன.

செப்டம்பர் 4

தமிழாசிரியர் ஒருவர் வந்து கூவிளத்தை ஞாபகப்படுத்தியிருக்கிறார். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுச் சொன்னோம். நேர் நிரை கூவிளம். கூவிளம் என்றால் வில்வம் என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேவாரத்தில் சிவன் சூடுகிற கூவிளம் அதுதான். திருவாரூர் மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர், கூவிளம்புதூர் என்பதிலிருந்து மருவியது என்பார்கள், அங்கே தலமரம் வில்வம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம்: குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்குகிறபோது கூவிளமும் வரும், கூவிரமும் வரும். இரண்டும் வேறு வேறு பூ. ஒரு எழுத்துதான் வித்தியாசம். கருவிளை என்று இன்னொன்று, அது சங்குப்பூக் கொடி.

சங்கத்தில் விளாவுக்கு வெள்ளில் என்றும் ஒரு பெயர் உண்டு. நற்றிணை 24ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். விளா மரத்தின் பொரிந்த பட்டையை உடும்பு பற்றிக்கொண்டிருக்கிற மாதிரி என்கிறது. காம்பு அற்று விழுந்த பழங்கள் பச்சைப் பயிர்மேல், ஆடி முடித்து விட்டுப்போன பந்துகள் போலக் கிடக்கின்றன. இன்றைக்குச் சாயங்காலம் டார்ச் அடித்து எங்கள் மரத்துப் பட்டையைப் பார்த்தேன். செதில் செதிலாக, உடும்பு முதுகேதான். சிவகங்கைத் தம்பி, உங்கள் மரத்துப் பட்டையையும் ஒரு படம் எடுங்கள்.

செப்டம்பர் 4, இரவு

பிள்ளையார் சுலோகத்தில் வருகிற கபித்த ஜம்பூ பற்றி: கபித்தம் விளா, ஜம்பூ நாவல். பரதம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கபித்த முத்திரை தெரிந்திருக்கும், அதே சொல்தான். சதுர்த்திக்கு விளாம்பழம் வைப்பது இதனால்தான். யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் ஜம்பு என்றால் தங்களுக்குச் சிவப்பாக மணி மாதிரி இருக்கிற பழம் என்கிறார். ஆமாம், அது நாவலுக்குச் சொந்தக்காரப் பழம், ஆனால் நாவல் இல்லை. அதைத் தொடங்கினால் இன்னொரு வாரம் போகும்.

செப்டம்பர் 5

படம் வந்துவிட்டது. ஐந்தும் ஏழுமாக இலை, ஓரம் மழமழப்பு, தனிக்காம்பு இல்லை, பட்டை பொரிந்திருக்கிறது. விளா. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு முதல் பழத்தைக் கொடுங்கள்.

வீட்டுக்காரம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வில்வம் என்று நம்பி வருஷக்கணக்காக இலை பறித்தவராக இருக்கலாம்.

தின்கிற விதம்: சுத்தியலால் பட்டென்று ஒரு அடி, ஓடு இரண்டாகும். சதையை வழித்துப் பொடித்த வெல்லம் சேர்த்துப் பிசையுங்கள், ஏலக்காய் வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை. விதை பல்லில் நறநறக்கும், துப்ப வேண்டாம். காயாக இருந்தால் மிளகாய், உப்பு, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்த துவையல் சுடுசோற்றுக்கு நன்றாக இருக்கும். காலி ஓட்டை எறியாதீர்கள். ஆச்சி அதில் விபூதி வைத்திருந்தாள்.

செப்டம்பர் 6

நாளைக்குச் சதுர்த்தி. இன்றைக்கு எங்கள் மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துக் கிணற்றடிச் சிமெண்டில் விட்டுப் பார்த்தேன். துள்ளியது. கடையில் ஒரு பழம் வாங்கி வைத்துக்கொண்டேன். இதை மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன், இரண்டு வாரத்தில் மகாளய பட்சம் வருகிறது, அப்பாவுக்கு வைப்பேன்.